ஆதியாகமம் 10: எத்தனை சேபா? மேசேக்கு மாஸ்கோவா? தமிழர் அந்தப் பட்டியலில் எங்கே?

பனையோலை (கேள்வி)

வேதபாட வகுப்புக்காக நோவாவின் மூன்று குமாரரின் வம்ச அட்டவணையை ஒரே தாளில் வரைய வேண்டும். ஆதியாகமம் 10-ஐ வசனம் வசனமாக எடுத்து எழுதியதில் சில இடங்களில் முட்டுகிறது.

சேபாதான் பெரிய சிக்கல். 10:7-ல் கூஷின் குமாரரில் ஒரு சேபா. அதே வசனத்தில் ராமாவின் குமாரரில் இன்னொரு சேபா. 10:28-ல் யொக்தானின் குமாரரில் மறுபடியும் சேபா. 25:3-ல் ஆபிரகாமுக்கும் கேத்தூராளுக்கும் பேரனாக ஒரு சேபா. சாலொமோனைப் பார்க்க வந்த ராஜஸ்திரீ இதில் எந்தச் சேபாவைச் சேர்ந்தவள்?

அடுத்தது கானான். அவன் காமின் மகன். ஆனால் கானானியர் பேசியது எபிரேயத்தோடு ஒட்டிய மொழி என்கிறார்கள். அப்படியானால் சேமின் பக்கம் அல்லவா வரவேண்டும்?

மேசேக்கு என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் டோபோல்ஸ்க் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். அட்டவணையில் அப்படியே எழுதலாமா?

வகுப்பில் கட்டாயம் வரும் கேள்வி: தமிழர் யாருடைய வம்சம்? காம் என்கிறார்கள், ஏலாம் என்கிறார்கள், யொக்தான் என்கிறார்கள்.

கடைசியாக, மொத்தம் 70 ஜாதிகள் என்பார்கள். நான் எண்ணினால் 71 வருகிறது.

தாலேத்

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். யாப்பேத்தின் பக்கம் 14, சேமின் பக்கம் 26. காமின் பக்கம்தான் தடுமாறும். நிம்ரோதையும் பெலிஸ்தரையும் சேர்த்தால் 31, மொத்தம் 71. நிம்ரோது தனிமனிதனாகவே வருகிறான், ஒரு ஜாதிக்குப் பெயராக வரவில்லை. அதனால் பழைய எண்ணிக்கையில் அவனை விட்டுவிடுவார்கள். அப்போது 70. உங்கள் எண்ணிக்கையில் தப்பில்லை.

சேபா விஷயத்தில் தமிழ் எழுத்து நம்மை ஏமாற்றுகிறது. கூஷின் நேரடி மகன் எபிரேயத்தில் சாமெக் எழுத்தில் தொடங்குகிறான். ஸெபா என்று ஒலிக்கவேண்டும். ராமாவின் மகன் ஷின் எழுத்தில் தொடங்குகிறான், ஷெபா. எபிரேய வேதச் சொற்களுக்கு எண் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் அகராதியில் முதலாமவன் 5434, மற்ற மூன்று இடத்திலும் வருகிறவன் 7614. சங்கீதம் 72:10-ல் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் அங்கே மட்டும் "ஷேபாவிலும் சேபாவிலும்" என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஆதியாகமத்தில் பிரிக்கவில்லை. ஆக உங்கள் நாலு சேபாவில் ஒன்று வேறு பெயர். உங்கள் தாளில் அதை ஸெபா என்றே எழுதிவிடுங்கள், குழப்பம் பாதி தீரும். ராஜஸ்திரீ ஷின் எழுத்துக்காரி.

மிச்சமுள்ள மூன்று ஷெபாவும் எழுத்தில் ஒன்றே. ஒரு ஜாதிக்கு எப்படி மூன்று தகப்பன்? அதிகாரத்தின் நடையைக் கவனியுங்கள். 2 முதல் 7 வரை "இன்னாருடைய குமாரர்" என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. 8 முதல் 19 வரையும் 24 முதல் 30 வரையும் "பெற்றான்" என்ற வினை வருகிறது. இரண்டு பழைய பட்டியல்கள் இங்கே பின்னப்பட்டிருக்கின்றன என்று பெரும்பாலான ஆய்வாளர் சொல்வதற்கு இது ஒரு முக்கிய அடையாளம். கூஷின் கீழும் யொக்தானின் கீழும் ஷெபா வருவது போலவே ஆவிலாவும் இரண்டிலும் வருகிறான். சேமின் மகன் லூத், மிஸ்ராயீமுக்கு லூதீம். தையல் தெரியும் இடங்கள் இவை.

தாளில் ஷெபாவை மூன்று இடத்திலும் எழுதி, மூன்றையும் புள்ளிக்கோட்டால் இணைத்துவிடுங்கள். ஏதாவது ஒன்றை அடித்துவிட்டால் வசனத்துக்குத் துரோகம். மூன்றையும் மூன்று ஆளாக எழுதினால் சரித்திரத்துக்குத் துரோகம்.

இன்னொரு முக்கிய விஷயம்: பெயர்களின் வால். கித்தீம், லூதீம், கப்தோரீம், கஸ்லூகீம் எல்லாவற்றிலும் வரும் "ஈம்" எபிரேயப் பன்மை விகுதி, நம் "அர்" போல. "மிஸ்ராயீம் லூதீமையும் பெற்றான்" என்று வாசிக்கும்போது லூதீம் ஒரு பையனின் பெயர் போல நம் காதில் விழுகிறது. அதன் பொருள் லூதியர். மிஸ்ராயீம் என்பதே எகிப்து நாட்டின் பெயர், அது இருமை வடிவம். சீதோன் துறைமுகப் பட்டணம். எபூசியர், எமோரியர் நேரடியாகவே ஜாதிப் பெயர்கள். ஆக "குமாரன்" என்ற ஒரே சொல்லுக்குக் கீழே ஆள், ஊர், நாடு, ஜாதி நாலும் நிற்கின்றன. தாளில் நாலுக்கும் நாலு நிறம் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் விளங்கும்.

வகுப்பில் மறக்காமல் சொல்லவேண்டியது: 10:20, 10:31-ல் வரும் "ஜாதிகள்" என்பதற்கு எபிரேயத்தில் கோயீம், அதாவது தேசத்து மக்கள். பழைய மொழிபெயர்ப்பில் "புறஜாதியார்" என்பதும் அதே பொருள்தான். நம் ஊர்ச் சாதியோடு அதை முடிச்சுப் போடக்கூடாது.

ஆப்பெழுத்து

மாஸ்கோவை எழுதாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை அட்டவணையில் ஏறிவிட்டால் பிள்ளைகள் அதை வசனம் போல நம்பிவிடுவார்கள்.

மாஸ்கோ என்ற பெயர் ருஷ்ய வரலாற்றுக் குறிப்புகளில் முதன்முதலாக 1147-ல் வருகிறது. மாஸ்க்வா ஆற்றின் பெயரே ஊருக்கு வந்தது. டோபோல்ஸ்க் 1587-ல் கட்டப்பட்ட ஊர், டோபோல் ஆற்றங்கரையில். மேசேக்கையும் தூபாலையும் பற்றி எழுதிய எசேக்கியேல் தீர்க்கதரிசி வாழ்ந்தது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. 1909-ல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புரை வேதாகமம் எசேக்கியேல் 38-க்கான அடிக்குறிப்பில் இந்த இணைப்பைப் போட்டது. அது பிரசங்கங்களில் பரவியதற்கு அந்த அடிக்குறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மேசேக்கும் தூபாலும் யார் என்பது அசீரியக் களிமண் பலகைகளில் தெளிவாகவே இருக்கிறது. கி.மு. 1100-ஐ ஒட்டி முதலாம் திக்லாத்பிலேசர் தன் ஆண்டுக் குறிப்பில், ஐந்து ராஜாக்களோடு வந்த 20,000 முஷ்கி வீரர்களை முறியடித்ததாக எழுதுகிறான். நாலு நூற்றாண்டு கழித்து, இரண்டாம் சர்கோன் (கி.மு. 722–705) முஷ்கியின் மீதா என்ற ராஜாவோடு மோதுகிறான். கிரேக்கர் மீதாஸ் என்று சொன்ன பிரிகிய ராஜா அவனே. அதே சர்கோனின் பதிவுகளில் தபால் என்ற நாடும் வருகிறது. இன்றைய துருக்கியின் கைசேரி வட்டாரம். இரண்டும் பக்கத்து நாடுகள், வேதத்திலும் ஜோடியாகவே வருகின்றன. எசேக்கியேல் 27:13-ல் யாவான், தூபால், மேசேக்கு மூவரும் தீருவின் சந்தைக்கு அடிமைகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் கொண்டுவருகிறார்கள். அடுத்த வசனத்தில் தொகர்மா வீட்டார் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கொண்டுவருகிறார்கள். வெண்கலமும் குதிரையும் அனத்தோலியாவின் சரக்கு. தொகர்மாவும் அங்கேயே இருக்கிறது: அசீரியர் தில்கரிம்மு என்ற ஊர், மலாத்யா பக்கம்.

மற்ற யாப்பேத்தியரும் இப்படியே. கோமர் என்பது அசீரியரின் கிமிர்ராய், கிரேக்கரின் கிம்மேரியர். மாதாய் என்றால் மேதியர். அஸ்கினாஸ் என்பது அசீரியரின் அஷ்குசா, அதாவது சித்தியர். எசர்ஹத்தோன் காலத்துப் பதிவில் இந்தப் பெயர் இருக்கிறது. எபிரேயத்தில் வாவ் எழுத்தும் நூன் எழுத்தும் ஒற்றைக் குத்துக்கோடு போல இருப்பதால் அஷ்கூஸ் அஷ்கனாஸ் ஆகியிருக்கலாம் என்பது பரவலான விளக்கம். எழுத்து மயக்கத்துக்கு இதைவிடத் துப்புரவான சாட்சி தொதானீம். தாலேத் (த) எழுத்துக்கும் ரேஷ் (ர) எழுத்துக்கும் வேறுபாடு மேல் வலது மூலையில் மட்டுமே: தாலேத்தில் கோடு கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும், ரேஷில் வளைந்து இறங்கிவிடும். அந்த நுனி தேய்ந்தால் போயிற்று. ஆதியாகமம் 10:4-ல் தொதானீம்; 1 நாளாகமம் 1:7-ன் எபிரேயத்தில் ரொதானீம். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜின்த் ஆதியாகமத்திலேயே ரோதியர் என்கிறது. அதாவது ரோட்ஸ் தீவார். கித்தீம் சைப்ரஸிலுள்ள கித்தியோன், எலீசா பெரும்பாலும் பழைய சைப்ரஸான அலாஷியா. தீவுகள் வரிசையில் ரோட்ஸ் பொருந்துகிறது.

ஆகவே எந்தப் பெயரை எடுத்தாலும் இந்த வரிசையில் போங்கள்: எபிரேய மெய்யெழுத்து என்ன, 1 நாளாகமம் 1 அதை எப்படி எழுதுகிறது, செப்துவஜின்த் எப்படி எழுதுகிறது, எசேக்கியேல் 27-ம் 38-ம் அதை யாரோடு சேர்க்கின்றன, பிறகு அதே காலத்து அசீரிய, எகிப்திய ஆவணம். இவ்வளவுக்கும் பிறகுதான் இன்றைய வரைபடம். வரைபடத்தில் தொடங்கி ஒலி ஒத்த ஊரைத் தேடிக்கொண்டு பின்னால் போனால் ஒவ்வொரு தடவையும் மாஸ்கோதான் கிடைக்கும்.

கானானைப் பற்றி: பட்டியல் மொழிக்குடும்பம் பார்த்து எழுதியதல்ல. கானானிய மொழி எபிரேயத்தின் உடன்பிறப்பு, உண்மை. ஆனால் கி.மு. 15 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை கானான் எகிப்தின் கையில் இருந்தது. 1887-ல் கிடைத்த அமர்னா கடிதங்களில் எருசலேமின் அப்திஹேபா உட்படப் பல கானானியச் சிற்றரசர்கள் பார்வோனின் காலில் விழுந்து எழுதுகிறார்கள். மிஸ்ராயீமுக்குத் தம்பியாகக் கானான் நிற்பதற்கு இந்த அரசியல் போதும். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: சேமின் முதல் மகன் ஏலாம், ஏலாமிய மொழிக்கும் எபிரேயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செமித்திய மொழிகள் என்ற பெயரே 1781-ல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் வைத்தது. அந்தப் பிற்காலப் பெயரை எடுத்துக்கொண்டு மோசேயின் புத்தகத்தைத் திருத்தக்கூடாது.

கூடவே ஒன்று: 9:25-ல் சாபம் கானான்மேல் விழுகிறது, காம்மேல் அல்ல. கூஷும் பூத்தும் அதில் வருவதே இல்லை. ஆப்பிரிக்கரை அடிமையாக்க இந்த வசனத்தைத் திரித்தார்கள். அட்டவணை வரைகிறவர்கள் காமின் தலைக்குப் பக்கத்தில் "சபிக்கப்பட்டவன்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

குந்துருக்கம்

ஷெபாவுக்கு நிலத்தை வைத்து ஒரு விளக்கம். ஷெபா என்பது ஏமனின் சபா ராஜ்யம், தலைநகர் மாரிப். இரண்டாம் சர்கோனுக்குக் காணிக்கை அனுப்பியவர்களில் சபாவின் இத்தஅமர் பெயர் அசீரியப் பதிவில் இருக்கிறது, ஆகவே கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலேயே வடக்கு வரை தெரிந்த பெயர்.

யொக்தானின் 13 மக்களில் அசர்மாவேத் என்பது இன்றைய ஹத்ரமௌத். மெய்யெழுத்து அப்படியே நிற்கிறது, மூவாயிரம் ஆண்டு போனாலும் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் பெயர். அவன் பக்கத்தில் ஷெபா வருவது ஏமனின் சொந்த அண்டைவீட்டு உறவு. கூஷின் பக்கம் ஷெபா வருவது செங்கடலின் மறுகரையைக் காட்டுவதாக எடுக்கலாம்: வட எத்தியோப்பியாவின் யேஹாவில் சபா எழுத்துக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. கேத்தூராளின் பக்கம் ஷெபாவும் தேதானும் சகோதரர். தேதான் என்பது வடமேற்கு அரேபியாவின் அல்-உலா பாலைச்சோலை, சாம்பிராணி ஒட்டக வழியில் முக்கியத் தங்கல். ஒரே ஜாதிக்கு மூன்று திசையில் மூன்று சொந்தம் என்று நான் வாசிப்பேன். ஏசாயா 60:6-ல் ஷெபாவிலிருந்து பொன்னும் தூபவர்க்கமும் ஒட்டகங்களில் வருவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கூஷ் பற்றியும் எச்சரிக்கை. பொதுவாக அது எகிப்துக்குத் தெற்கேயுள்ள நூபியா. ஆனால் 10:8-ல் கூஷ் பெற்ற நிம்ரோது ஆள்வது பாபேல், ஏரேக், அக்காத், எல்லாம் ஈராக்கில். அந்த இடத்தில் மட்டும் கூஷ் என்பது பாபிலோனை ஆண்ட காசியரைக் குறிக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அம்புக்குறியை நூபியாவிலிருந்து பாபிலோனுக்கு நேராக இழுத்துவிடாமல் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

முசிறி

தமிழர் கேள்விக்கு நேரான பதில்: ஆதியாகமம் 10-ல் இல்லை. பட்டியலின் கிழக்கு எல்லை ஏலாமும் மாதாயும், அதாவது இன்றைய ஈரான். இந்தியா வேதத்தில் பெயரோடு வருவது எஸ்தர் 1:1-ல்: இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகள். எபிரேயத்தில் அது ஹோத்து. பாரசீகரின் ஹிந்துஷ், சிந்து என்பதன் வடிவம். அந்த வசனத்து எத்தியோப்பியாவுக்கு எபிரேயத்தில் கூஷ் என்றே இருக்கிறது. கூஷும் இந்தியாவும் பாரசீகப் பேரரசின் இரண்டு எதிர்முனைகள். "கூஷ் என்றால் இந்தியா" என்பவர்களுக்கு இந்த ஒரு வசனம் போதும்.

ஏலாம் விஷயத்தில் இரண்டு கூற்றுகள் கலந்துவிடுகின்றன. ஏலாமிய மொழியும் திராவிட மொழிகளும் ஒரே மூலம் என்று டேவிட் மெக்கால்பின் 1981-ல் விரிவாக எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏலாம் என்பதும் ஈழம் என்பதும் ஒன்று என்பது வெறும் ஒலி ஒப்புமை. ஏலாமியர் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவே இல்லை; அவர்கள் சொன்னது ஹதம்தி. ஏலாம் என்பது வெளியார் வைத்த பெயர். உடனே "ஹதம்தியில் தமிழ் ஒலிக்கிறதே" என்று யாராவது கிளம்புவார்கள். ழகரமும் இல்லை, சாட்சியும் இல்லை. விட்டுவிடுங்கள்.

காமைக் காமத்தோடு இணைக்கும் உரைகளும் உண்டு. எபிரேயத்தில் அவன் பெயர் தொண்டையில் ஒலிக்கும் ஹேத் எழுத்தில் தொடங்குகிறது, ஹாம். தமிழில் ககரம் போட்டதால் வந்த மயக்கம்.

உண்மையான தொடுப்பு ஒன்று இருக்கிறது, அது யாவான். கிரேக்கரில் ஒரு பிரிவாரான அயோனியர் பழங்காலத்தில் தங்களை இயாவோனெஸ் என்றார்கள். நடுவிலிருந்த வகரம் அயோனிய கிரேக்கத்தில் தேய்ந்துபோயிற்று. எபிரேயம் யாவான் என்று அதைக் காத்தது. பாரசீகத்தில் யௌன, சமஸ்கிருதத்தில் யவன, தமிழில் யவனர். பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) பெயரும் யவனர் மரக்கலம் என்று அகநானூறு 149 சொல்லும்போது, நோவாவின் பேரன் பெயராக ஆதியாகமம் எழுதிய அதே சொல்லைத்தான் நாம் வாசிக்கிறோம். இதை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

1 இராஜாக்கள் 10:22-ல் வரும் மயிலுக்கான துக்கி என்ற எபிரேயச் சொல்லைத் தோகையோடு கால்டுவெல் முதலானோர் இணைத்தார்கள். எகிப்திய மூலம் சொல்வோரும் உண்டு. தோகை என்றே வைத்துக்கொண்டாலும் சொல் கப்பலேறிப் போனது என்று அர்த்தம். வம்சத்துக்கு அது சாட்சி ஆகாது.

பனையோலை

எல்லோருக்கும் நன்றி. ஸெபாவைத் திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு. தொகர்மாவிலிருந்து ஆர்மீனியர் வந்தார்கள் என்று அவர்களே சொல்கிறார்களாமே, அது சாட்சி ஆகாதா? 10:25-ல் பேலேகின் நாட்களில் "பூமி பகுக்கப்பட்டது" என்பது கண்டங்கள் பிரிந்ததா? குமரிக்கண்டம் கடலில் போனது அப்போதுதான் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

தாலேத்

ஆர்மீனியரின் மரபு அழகானது. மோவ்சேஸ் கோரெனாத்சி எழுதிய வரலாற்றில், தோர்கோமின் (தொகர்மாவின்) மகன் ஹாய்க் பாபிலோனின் பேல் என்பவனை அம்பெய்து கொல்கிறான். ஆர்மீனியர் இன்றும் தங்களை ஹாய் என்கிறார்கள். ஜார்ஜியரும் தர்காமோஸின் எட்டு மக்களில் கார்த்லோஸ் தங்கள் தகப்பன் என்கிறார்கள். ஆனால் பெயரை உற்றுப் பாருங்கள். எபிரேயத்தில் தொகர்மா: முதலில் ககரம், பிறகு ரகரம். செப்துவஜின்தில் தோர்காமா: இரண்டும் இடம் மாறிவிட்டன. தோர்கோம், தர்காமோஸ் இரண்டும் கிரேக்க வடிவத்தையே பின்பற்றுகின்றன. தகப்பன் வழியாக வாய்மொழியில் வந்த பெயராக இருந்தால் கிரேக்க மொழிபெயர்ப்பின் எழுத்துமாற்றம் அதில் ஏறியிருக்காது. கிறிஸ்தவர்களான பிறகு வேதத்தை வாசித்துத் தங்கள் சொந்த வீரனை அந்த மரத்தில் ஒட்டினார்கள்.

இதே வேலை நம் பக்கத்திலும் நடந்தது. பீஜப்பூரில் 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரசீகத்தில் எழுதிய ஃபிரிஷ்தா, ஹாமுக்கு ஹிந்த் என்ற மகனையும், ஹிந்துக்குத் தக்கன் என்ற மகனையும் கொடுத்து, தக்கனுக்கு மர்ஹட், கன்ஹர், திலங் என்ற மூன்று பிள்ளைகளைக் கொடுக்கிறார். மராட்டியர், கன்னடர், தெலுங்கர். பீஜப்பூர் சுல்தான் கண்ணுக்கு எட்டிய உலகம் அது. அட்டவணையில் இப்படிப்பட்டவற்றுக்கு "பிற்கால மரபு" என்று தனிக்கட்டம் போடுங்கள்.

பேலேகு: பெயருக்கும் "பகுக்கப்பட்டது" என்ற வினைக்கும் எபிரேயத்தில் ஒரே வேர், ப-ல-க. "பூமி" என்பதற்கு அங்கே ஏரெட்ஸ். அது தேசம், தேசத்து மக்கள் என்றும் பொருள்படும். 11:1-ல் "பூமியெங்கும் ஒரே பாஷை" என்பதிலும் அதே சொல்; அங்கே பேசுகிறவர்கள் மக்கள். அடுத்த அதிகாரத்திலேயே பாபேலில் மக்கள் சிதறடிக்கப்படுவதால் பழைய உரைகாரர் பலரும் அதைத்தான் எடுத்தார்கள். கண்டங்கள் பிரிந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளின் கதை. எபிரேய மூலப்படி வெள்ளத்துக்கும் ஆபிராமின் பிறப்புக்கும் நடுவே 292 ஆண்டுதான். அந்த எண்ணையும் தாளில் ஒற்றையாக எழுதாதீர்கள். சமாரியப் பிரதியில் 942 வரும். செப்துவஜின்தில் பெரும்பாலான தகப்பன்மாரின் வயதில் 100 கூடி, காயினான் என்ற ஒரு தலைமுறையும் சேர்ந்து 1072 வரும். லூக்கா 3:36-ல் காயினான் நிற்பது அந்த வழியில்.

பேலேகு என்ற சொல்லுக்கே வாய்க்கால் என்ற பொருளும் உண்டு, தண்ணீரைப் பகுத்து விடுவது. அதனால் ஆற்றுநீரைக் கால்வாய்களாகப் பிரித்த காலம் என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள். முதலாம் சங்கீதத்தில் மரம் நடப்பட்டிருக்கிற "நீர்க்கால்களின் ஓரம்" எபிரேயத்தில் இந்தப் பேலேகின் பன்மைதான்.